மாமா போட்ட ஒட்டு

என் மகள் மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்கினால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அவள் முதுகில் காதை வைத்துவிடுகிறேன். பதினாறு வயதுப் பெண், வெட்கப்பட்டுத் தள்ளிவிடுகிறாள். போன வாரம் டாக்டர், "பொண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க, மருந்து உங்களுக்குத்தான் வேணும்" என்றார். இந்தப் பழக்கம் எடப்பாடியில், எனக்கு ஒன்பது வயதில் தொடங்கியது.

எங்கள் மாதா கோயிலில் காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்கன் ஒன்று இருந்தது. வாசிக்கத் தெரிந்தவள் அம்மா மட்டுமே. அம்மாவின் தம்பியான மாமா சேலத்தில் ஒரு பாட்டுக் குழுவில் இருந்தார். கிறிஸ்துமஸ் பாட்டுக் கேசட் போட ஏற்பாடு. புதிதாக வந்த கீபோர்டிலும் ஆர்கன் சத்தம் உண்டு என்றால், "அது பிளாஸ்டிக் பூவுங்க" என்பார். அசலைப் பதிவு செய்ய, காலாண்டு விடுமுறையில் இரவல் டேப்ரெக்கார்டரோடு வந்திறங்கினார். சனிக்கிழமை அதைத் திருப்பித் தர வேண்டும்.

ஆனால் ஊரெல்லாம் விசைத்தறி. அதன் தடதடப்பு கோயிலுக்குள்ளும் கேட்கும். கரண்ட் போனால்தான் பதிவு. அம்மாவும் தறிப்பட்டறையில் நூல் சுற்றுகிறவள். கரண்ட் போனால்தான் அவளுக்கும் ஓய்வு. தினமும் தவறாமல் போகிற கரண்ட் அந்த வாரம் பிடிவாதமாக இருந்தது. மாமா பேட்டரி செல்களை வெயிலில் காயவைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார். நான் நிமிடத்துக்கு ஒருமுறை மின்விசிறியைப் பார்ப்பேன்.

வியாழக்கிழமை ஒருவழியாகக் கரண்ட் போயிற்று. தலைமுடியில் பஞ்சோடு அம்மா கோயிலுக்கு ஓடி வந்தாள்.

"சாமி, நீ மூச்சுக் காட்டாம உக்காரோணும்" என்று மாமா என்னை எச்சரித்தார்.

பதிந்ததைப் போட்டுக் கேட்டால், பாட்டின் ஒவ்வொரு அடி முடியும்போதும் மெல்லிதாக ஓர் 'ஈ...' சத்தம்.

"அக்கா, துருத்தியில ஓட்டைங்க. உங்க ஆர்கனுக்கு இழுப்பு வந்திருச்சு."

அம்மா சிரித்தாள். மாமா பின்பலகையைக் கழற்றி, துருத்தியில் தோல் துண்டு வைத்து ஒட்டினார். அதற்கு முன்பே நான் கை வைத்துப் பார்த்திருந்தேன். எங்கும் காற்றுக் கசியவில்லை. சொன்னேன். "ஆமா, பெரிய மெக்கானிக்கு!" என்றார்.

வெள்ளிக்கிழமையும் கரண்ட் போக, முந்தைய பதிவின் மேலேயே மறுபடி பதிந்தார்; இருந்தது ஒரே கேசட். அதே 'ஈ...'. மாமா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கரண்ட் வந்துருமுங்க்கா. இனி ஒருக்காத்தான் முடியும்."

அம்மா மறுபடி மிதிகட்டையில் காலை வைத்தாள். "இந்தத் தடவ அந்தச் சத்தம் வராது. போடு" என்றாள்.

வாசித்தாள். ஆர்கன் உரக்க எழுந்த இடங்களில் மட்டும் வாயைத் திறந்தாள். அடங்கிய இடங்களில் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது, தோள் அசையவில்லை. 'ஈ...' வரவேயில்லை.

"பாத்தீங்களா, நான் போட்ட ஒட்டு பிடிச்சுக்கிச்சு!" என்று மாமா குதித்தார்.

அடுத்த ஆண்டு சேலத்து ஆஸ்பத்திரியில், அம்மாவின் கட்டிலருகே அந்தச் சத்தத்தை மறுபடி கேட்டேன். அங்கே ஆர்கன் இல்லை. அம்மா வீடு திரும்பவுமில்லை. கேசட் என்னிடம் இருக்கிறது. எவ்வளவு சத்தமாக வைத்தாலும் சுத்தமான ஆர்கன்தான் கேட்கிறது; அவள் மூச்சின் மேலேயே மாமா பதிந்துவிட்டார்.

அன்று மாமா குதித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்து தறிகள் தடதடத்தன. அம்மா எழவில்லை. ஆர்கன் கட்டைகளின் மேல் நெற்றியைச் சாய்த்திருந்தாள். செபிக்கிறாள் என்று நினைத்து, நானும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன்.