அத்தை பறித்துக்கொண்ட நிரை

டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நெஞ்சு கிளினிக் என்று நான் போன முதல் நாள், அங்கிருந்த டாக்டர் பிள்ளை என் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "உங்க அம்மாவுக்கு என்ன வருத்தம் இருந்திச்சும்மா?" என்று கேட்டாள். "இளைப்பு" என்றேன். எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. அந்தப் பிள்ளை விடவில்லை. எப்படி இளைப்பு, படுத்தால் கூடுமா, கால் வீங்குமா என்று கேட்டுக்கொண்டே போனாள். நானும் சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல எனக்கே வேறொன்று பிடிபடத் தொடங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அத்தை அப்பாவின் அக்கா. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் வீடும் அவள் வீடும் ஒரே சுவரில் முதுகோடு முதுகாக ஒட்டியிருந்தன. அவள் வாயைத் திறந்தால் மேல் லயத்து நாய்கூட எழுந்து உட்காரும். அம்மா அதற்கு நேர்மாறு. ஒல்லி, அதிகம் பேசமாட்டாள், ரோஷக்காரி. தேயிலைக் கொழுந்தில் அவள் கை விழுந்தால் எடுக்கும் வேகம் கண்ணுக்குத் தெரியாது. மலை ஏத்தம் ஏறுவதுதான் அவளுக்குச் சிரமம். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கி, சாமி சிலையைத் தூக்குவதுபோல் தன்னைத் தூக்கித் திரிந்தார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அதற்கும் ஏத்தத்துக்கும் சம்பந்தம் உண்டென்று யார் கண்டது?

மலையில் மூச்சு வாங்கினால் அம்மா குனிந்து காலில் அட்டை பிடுங்குவாள். அடுத்த வளைவில் இன்னொரு அட்டை. மழையே இல்லாத மாசத்திலும் அம்மா காலுக்கு மட்டும் அட்டை வந்துகொண்டே இருந்தது.

நெஞ்சு அடைக்கிறது என்று எந்தப் பெண் சொன்னாலும் எங்கள் ஆட்கள் முதலில் பார்ப்பது கூடைக் கயிற்றைத்தான். தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடும் கயிறு கழுத்தை இழுக்கிறது, கழுத்து நெஞ்சை இழுக்கிறது, கயிற்றை ஒரு விரற்கடை ஏற்றிப் போட்டு எண்ணெய் தேய்த்தால் சரியாகும் என்பார்கள். கால் வீங்கினால் ஈரத்தில் நிற்கிற கால். இருமினால் பனி. ஒவ்வொன்றுக்கும் மலையிலேயே ஒரு காரணம் கிடைத்துவிடும். அதனால் அம்மாவின் வருத்தத்துக்கு வேறு காரணம் தேட யாருக்கும் தோன்றவில்லை.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டிருந்த ஒரு நாள், போத்தலில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு அம்மா நின்ற மலைக்கு ஏறினேன். அவளுக்கு அன்றைக்கு உச்சி நிரை. தேயிலைச் செடிகளை வரிசை வரிசையாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பார்கள், அதைத்தான் நிரை என்போம். நான் போய்ச் சேரும்போது அம்மா கூடையோடு சரிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நாவற்பழ நிறம். என்னைப் பார்த்தாள், பேச்சு வரவில்லை.

பெண்கள் ஓடிவந்து அவளைப் படுக்கவைத்தார்கள். படுத்ததும் இன்னும் திணறினாள். "முனி அடிச்சிருச்சு" என்று யாரோ சொல்ல, வேலை வாங்குகிற கங்காணியார் மந்திரிக்கத் தேசிக்காயும் பூசாரியும் கொண்டுவர ஆள் அனுப்பினார். அப்போதுதான் அத்தை வந்தாள். பாதையில் வரவில்லை. செடிகளை முறித்துக்கொண்டு குறுக்கே ஏறி வந்தாள். செடி முறித்தால் அன்றைய வேலையே போய்விடும்.

"எழுப்பி ஒக்கார வைங்கடி அவள! படுக்கப் போட்டுக் கொல்லுறீங்களா?"

"முனி அடிச்ச ஆள ஒக்கார வைக்கக் கூடாது" என்றார் கங்காணியார்.

"முனிக்கு வேற வேலையில்ல பாருங்க! செவத்துக்கு அந்தப் பக்கம் படுக்கிறவ நான். இவ எத்தன மாசமா ஒக்காந்தே தூங்குறான்னு எனக்குத் தெரியும். கொழுந்து லொறிய வரச் சொல்லுங்க."

"லொறிய ஆளுக்குத் தரமுடியாது. தொரைக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன். கொழுந்து வாடினா தேயிலையாகும். இவ வாடினா என்னா ஆகும்? கூப்புடுங்க கங்காணியாரே!"

அம்மாவைக் கீழே ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள், லொறி வந்தது. கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் அத்தை ஏறி உட்கார்ந்து, அம்மாவைத் தன் முதுகோடு முதுகு சாய்த்து நிமிர்த்திக்கொண்டாள். வளைவில் லொறி மறையும்வரை எனக்கு அத்தையின் முகம்தான் தெரிந்தது. அம்மா அவளுக்குப் பின்னால் இருந்தாள்.

அப்பா தொழிற்சாலையிலிருந்து விஷயம் தெரிந்து போய்ச் சேர்வதற்குள், ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதையெல்லாம் அத்தையே கேட்டு முடித்திருந்தாள். அம்மா வீட்டுக்கு வந்த அன்று அத்தை வாசலில் நின்று லயத்துக்கே சொன்னாள்: "இளைப்பு. மருந்து குடுத்திருக்காங்க. வேற ஒண்ணுமில்ல." அவ்வளவுதான். மாசத்துக்கு ஒருநாள் இரண்டு பேரும் அட்டன் டவுன் கடைக்குப் போவதாகச் சொல்லி பஸ் ஏறுவார்கள். அம்மா கையைத் தேய்த்துக்கொண்டே திரும்பி வருவாள்.

அதற்குப் பிறகுதான் அத்தை எங்களுக்கு எதிரியானாள்.

முதலில் கருவாடு. அடுப்புக்கு மேலே கட்டி வைத்திருந்த பொட்டலத்தை ஒருநாள் வந்து அப்படியே எடுத்துக்கொண்டு போனாள். "எங்க வீட்டுல தீந்துபோச்சு" என்றாள். தீர்ந்தது எங்கள் வீட்டிலும்தான், பிறகு வரவேயில்லை. அம்மா வைத்த குழம்பை நக்கிப் பார்த்துவிட்டு, "உப்ப அள்ளிக் கொட்டியிருக்கா பாரு, இத மனுசன் தின்பானா?" என்று லயம் கேட்கக் கத்துவாள். அந்தக் குழம்பில் உப்பு இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும். விறகுக் கட்டை அம்மா தலையிலிருந்து பிடுங்கி, "இது என் பக்கத்து மரம்" என்று தூக்கிக்கொண்டு போவாள். விடிந்தால் அதில் பாதி எங்கள் அடுப்படியில் கிடக்கும். திருடினவள் ஏன் பாதியைத் திருப்பி வைக்கிறாள் என்று நான் யோசித்ததுண்டு. பயந்திருப்பாள் என்று முடிவு செய்தேன்.

எல்லாவற்றிலும் பெரியது நிரைச் சண்டை. அம்மாவுக்கு மேட்டு நிரை விழுந்த நாளெல்லாம் அத்தை இடுப்பில் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நிற்பாள்.

"எறங்குடி கீழ. அது என் நெர."

"கணக்கப்புள்ள எனக்குத்தான் குடுத்தாரு மதினி."

"குடுப்பாரு, அவருக்கென்னா! மேல கொழுந்து குமிஞ்சு கெடக்குன்னு நைசா ஏறிக்கிட்டியா? ரோட்டோர நெரயில நில்லு போ. அதுதான் ஒன் மூஞ்சிக்கு."

"கேட்டீங்களா கங்காணியாரே இந்த அநியாயத்த!"

கங்காணியார் காதைப் பொத்திக்கொண்டு, "மாத்திக்கங்க தாயே, ரெண்டு பேரும் மாத்திக்கங்க" என்பார். அத்தை மலை ஏறுவாள். அம்மா தட்டையான ரோட்டோர நிரைக்கு இறங்குவாள். அட்டை பிடுங்க அவசியமே இல்லாமல் போனது. மழைக்காலத்தில் ஒரு பெரிய அட்டை அத்தையின் மூக்குக்குள் ஏற வேண்டும் என்று மாரியம்மனிடம் நான் வேண்டிக்கொண்டேன். மாரியம்மனுக்கு விஷயம் தெரிந்திருக்கும்போல. கேட்கவில்லை.

அம்மா நான் சமைந்ததைப் பார்த்தாள், என் கல்யாணத்தைப் பார்த்தாள், என் மூத்தவனை மடியில் வைத்துக் குளிப்பாட்டினாள். அத்தைதான் முந்திப் போனாள். அன்றைக்கு அம்மா அழுத அழுகையைப் பார்த்து, "நெரைக்கு அடிச்சுக்கிட்டவளா இப்படி அழுவுறா" என்று லயமே வாயில் கைவைத்தது.

கிளினிக்கில் அம்மாவின் வருத்தத்தையெல்லாம் கேட்டுவிட்டு டாக்டர் பிள்ளை கையால் ஜாடை காட்டி விளக்கினாள். நெஞ்சாங்குலைக்குள் கதவுபோல இருக்கிறதாம். தொண்டைப் புண்ணோடு காய்ச்சல் வந்து முட்டி வீங்கின பிள்ளைகள் சிலருக்கு அந்தக் கதவு தடித்துப்போய்ச் சரியாகத் திறக்காதாம். ரத்தம் பின்னால் தேங்கி நெஞ்சில் நீர் கோக்கும், படுத்தால் மூச்சு முட்டும், கால் வீங்கும். அதுதான் அம்மாவுக்கு. எனக்கு வந்திருப்பது வேறு வகை. நெஞ்சாங்குலைக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் அடைத்துக்கொண்டு வருகின்றன. சீனி வருத்தமும் பிரசரும் வெற்றிலையோடு போட்ட புகையிலையும் சேர்ந்து செய்த வேலை. துடிப்பு தாளம் தப்புகிற வகை ஒன்றும் உண்டாம், அது எனக்கு இல்லை என்றாள். ஏத்தம் ஏறினால் தாடையும் முதுகும் இறுக்கினதை, கொழுந்து எடுத்த காலத்துக் கூடைக் கயிறு இழுத்த வலி என்று நான் நினைத்திருந்தேன். "கயித்த எறக்கி வச்சு எவ்வளவு காலமாச்சும்மா?" என்று அந்தப் பிள்ளை சிரித்தாள். சிரிக்கட்டும், மருந்து சரியாகத்தான் கொடுக்கிறாள்.

பிறகு அவளே யோசித்துக்கொண்டு கேட்டாள். "அந்த வருத்தத்தோட மலை ஏறியிருக்கவே கூடாதும்மா. பாரம் தூக்கக் கூடாது. உப்பு, கருவாடு ஆகாது. மாசா மாசம் ஊசி போட்டிருக்கணும். தோட்டத்துல வேலை செஞ்சவங்க எப்படி இவ்வளவு காலம் சமாளிச்சாங்க?"

"நாத்தனா சண்ட போட்டாங்க" என்றேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது மற்றதும் பிடிபட்டது. மலை ஏற முடியாதவள் என்று வெளியே தெரிந்தால் தோட்டத்தில் பேர் வெட்டியிருப்பார்கள். பேர் போனால் வேலை போகும், பிறகு குடியிருக்கிற காம்பராவும் போகும். "பாவம், இவளுக்கு விட்டுக்கொடுங்க" என்று யாராவது சொல்லியிருந்தால் அம்மா ரோஷத்தில் உச்சி வரைக்கும் ஏறிக் காட்டியிருப்பாள். அதனால் அத்தை பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கினவள் என்ற பேரோடுதான் போயும் சேர்ந்தாள். இன்றைக்கு நான் சாமிக்கு விளக்கு வைக்கும்போது அம்மாவுக்கு முன்னால் அவளுக்குத்தான் கும்பிடு.

ஒரு காலை மட்டும் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. அன்றைக்குச் சண்டை வழக்கத்தைவிடப் பெரிது. அத்தை கத்திக்கொண்டே மேலே ஏறிப்போக, அம்மா எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். கூடைக்கு மேலே தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்து ஓடிப்போய் அவள் படங்கைப் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணுமில்லடி" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது உண்மை. முந்தானைக்குப் பின்னால் இருந்தது சிரிப்பென்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. நான் மேலே நிமிர்ந்து, உச்சி நிரையில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்த அத்தையை முறைத்துக்கொண்டு நின்றேன்.