கூப்பிட்டால் ஓட வேண்டும்

எங்கள் அப்பா அஞ்சல் ஓட்டக்காரராக இருந்தவர். திருவிதாங்கூர் சர்க்காரின் தபால் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, சலங்கை கட்டிய கம்பைக் குலுக்கியபடி நாகர்கோவிலிலிருந்து குலசேகரம் பக்கம் ஓடுவார். வயதாகி வேலையிலிருந்து இறங்கியபோது பென்சன் கிடைத்தது. எங்கள் தெருவில் வயல் உள்ளவர்கள் உண்டு, கடை உள்ளவர்கள் உண்டு. பென்சன்காரர் இவர் ஒருவர்தான். அதனால் பென்சன் என்றால் என்னவென்று விளக்கிச் சொல்லவும் ஆளில்லை.

அவராகவே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டார். கடைசி நாளன்று அஞ்சல் மாஸ்டர், "வேணும்னா கூப்பிடுவோம், வரணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். விடைகொடுக்கும்போது யாரும் சொல்லுகிற பேச்சுதான். அப்பாவோ வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர். வேலை செய்யாதவனுக்கு எவன் சம்பளம் தருவான்? கூப்பிடும்வரை தயாராக இருப்பதற்குத்தான் பென்சன் என்று முடிவுகட்டிவிட்டார். தினமும் விடியற்காலையில் கால்வாய்க் கரையில் ஓடுவார். மழையிலும் ஓடுவார். ஊர் சிரித்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. சேறு படிந்த வேட்டியைத் துவைக்கிறவள் நானல்லவா?

பிறகு அவருக்குக் கண்ணில் படலம் விழுந்தது. முதலில் ஒன்றில், அடுத்து மற்றதிலும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் எடுத்துவிடுவார்கள், வாருங்கள் என்றேன்.

"ஆஸ்பத்திரியும் சர்க்காரு, கஜானாவும் சர்க்காரு. அங்க எழுதினா இங்க தெரியாமலா போவும்? ஓடுறவனுக்குக் கண்ணு இல்லைன்னா பென்சனை நிறுத்திருவான். நீ சும்மா கெட, மக்களே."

மக்களே என்றுதான் என்னைக் கூப்பிடுவார். புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள் நான். எங்கள் இருவருக்கும் அடுப்பெரிந்தது அந்தப் பென்சனில்தான். அதனால் அவர் பயத்தைக் கிறுக்கு என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியவில்லை.

பென்சன் வாங்க மாதாமாதம் கஜானாவில் நேரில் போய் நிற்க வேண்டும். கையைப் பிடிக்க விடமாட்டார். நான் முன்னால் நடந்து ஓயாமல் பேசிக்கொண்டே போக வேண்டும். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார். வெயில், வாழைக்காய் விலை, எதிரே வருகிறவளின் சேலை என்று வாய்க்கு வந்ததைப் பேசுவேன். வாயாடி என்ற பட்டம் எனக்கு அப்படிக் கிடைத்ததுதான்.

ஒரு மாதம் கஜானாவில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தாவின் மேசையை வராந்தாவின் மறு கோடிக்கு மாற்றியிருந்தார்கள். அதை நான் கவனித்துச் சொல்வதற்குள் அப்பா விறுவிறுவென்று படியேறி, வழக்கமான இடத்தில் நின்று, வெறும் சுவரைக் கும்பிட்டார்.

"பாட்டா, நான் இங்க இருக்கேன்" என்றார் குமாஸ்தா.

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. அகப்பட்டுக்கொண்டோம் என்றே நானும் நினைத்தேன். அடுத்த நிமிஷம் அவர் வேட்டியை மடித்துக் கட்டினார், முற்றத்தில் இறங்கினார், ஓடத் தொடங்கினார். பழைய ஓட்டக்காரரின் ஓட்டம்தான், குறையொன்றும் இல்லை. அங்கே அவிழ்த்துவிட்டிருந்த வண்டியின் நுகத்தடியில் மோதி விழுந்தார்.

குமாஸ்தா இறங்கி ஓடிவந்து தூக்கினார்.

"ஓடுவேன் ஏமானே. கண்ணுதான் கொஞ்சம் மங்கல். காலுக்கு ஒண்ணும் இல்ல."

"எதுக்குப் பாட்டா ஓடணும்? நீரு ஓடி முடிச்சதுக்குல்லா பென்சன்! கண்ணு போனாலும் உண்டு, படுத்துக் கெடந்தாலும் உண்டு. உசிரு இருந்தாப் போரும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான். அப்பாவின் மனம் மாறுவதற்குள் அங்கிருந்தே நேராக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அன்று கையைப் பிடிக்க விட்டார்.

ஒரு கண்ணில் படலம் எடுத்தார்கள். கட்டு அவிழ்த்தபோது பார்வை நன்றாகவே வந்திருந்தது. வீட்டுக்கு வந்த மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல எழுந்தார். வாசலில் நின்று கால்வாய்க் கரையைப் பார்த்தார். நெடுநாளைக்குப் பிறகு அது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும். ஆனால் வேட்டியை மடித்துக் கட்டவில்லை. திரும்பி வந்து அடுக்களை வாசலில் உட்கார்ந்தார்.

"அப்ப இனி என்னைக் கூப்பிடவே மாட்டாவளா, மக்களே?"

வாயாடி என்று பேரெடுத்தவள் நான். அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தேன்.