மேற்குக் கரை வீட்டு லைட்

தங்கையின் கிரகப்பிரவேசத்துக்கு நானே வரைந்த படத்தைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் ரயில் ஏறினேன். கூடுவாஞ்சேரியில் புது ஃபிளாட். பெட்ஷீட் சுற்றியிருந்ததால் எதிரில் இருந்தவர், "இன்னா சார், டிவியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கம் சொல்கிற நிலைமையில் நான் இல்லை.

சிட்லபாக்கம் ஏரியின் மேற்குக் கரையில் எங்கள் வீடு இருந்தது. அம்மா காலமான பிறகு பூட்டியே கிடந்ததை, தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விலை பேசி முடித்தேன். கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டேன். போட்டுவிட்டுப் போனவள் இரண்டு வருடமாக என்னோடு பேசவில்லை. பத்திரிகைகூட அவள் கணவர்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

படத்தில் ஏரி, சிவந்த வானம், எதிர்க்கரையில் கருப்பாக எங்கள் வீடு. வாசலில் ஒரு மஞ்சள் பொட்டு. அது அம்மா பொழுது சாயும்போது போடுகிற லைட். அது எரிந்துவிட்டால், கரையில் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் நாங்கள் சாப்பிட வந்துவிட வேண்டும். அந்தி வானத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் சோகம் வருமாம். எனக்குப் பசிதான் வரும். அந்தப் பொட்டை மட்டும் பத்து தடவையாவது அழித்து வைத்திருப்பேன்.

பெட்ஷீட்டை அவிழ்த்ததும் தங்கையின் மாமியார் முகம் மாறியது.

"அஸ்தமனமாப்பா? புது வீட்ல மாட்டக் கூடாதே."

என் புத்தியை எங்கே அடகு வைத்தேனோ. புது வீட்டுக்கு அஸ்தமனத்தை எவனாவது தூக்கிக்கொண்டு போவானா?

"உதயம்தாங்க அது," என்று வாய் கூசாமல் சொன்னேன்.

தங்கை பக்கத்தில் வந்து பார்த்தாள். அந்த வீட்டுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைத் தினமும் பார்த்து வளர்ந்தவள். அவள் உண்மையைச் சொன்னால் படத்தோடு நானும் கிளம்ப வேண்டியதுதான். அவள் விரல் மஞ்சள் பொட்டில் போய் நின்றது.

"ஆமா அத்தை, சூரிய உதயம்தான்," என்றாள். "ஹால்லயே மாட்டிடலாம்."

மாமியார் சமாதானமாகி, பந்தி போட்டாகிவிட்டதா என்று பார்க்கப் போனார். தங்கை விரலை எடுக்கவில்லை. என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அம்மா லைட் போட்டாச்சு. சாப்பிட வாண்ணா."

நேராகப் போய் இலையில் உட்கார்ந்தேன்.