வெள்ளிக்கிழமை தோறும் மாரிக்கண்ணன்

மாரிக்கண்ணனைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாக எழுத எனக்கு மனசே வரவில்லை. ஊரில் ஏற்கெனவே எல்லாரும் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். நானும் சேர்ந்துகொண்டால் அவனுக்குத் தலைகால் புரியாமல் போய்விடும் என்று பார்க்கிறேன். ஆனால் அப்படியெல்லாம் ஆகிற ஆள் இல்லை அவன். அதுவும் எனக்குத் தெரியும், அதனால்தான் இன்னும் எரிகிறது.

என் பெயர் மகாராஜா. சங்கரன்கோவிலில் ஆறு விசைத்தறி வைத்திருக்கிறேன். கீழே தறி, மாடியில் வீடு. மனைவி பொன்செல்வி. ஒரே மகள் அபிதா கோயம்புத்தூரில் படிக்கிறாள். மாரிக்கண்ணன் எங்கள் பகுதிக்கு இன்டர்நெட் கொடுக்கிற கம்பெனியின் லைன்மேன். வயது நாற்பத்தாறு. ஒல்லி உடம்பு, முன்மண்டையில் முடி கிடையாது, ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பான். பார்ப்பதற்கு ஒன்றும் மன்மதன் இல்லை. இதை என் மனைவி காதில் விழும்படி இரண்டு மூன்று தடவை சொல்லியும் இருக்கிறேன்.

சொந்த ஊர் கரிவலம்வந்தநல்லூர். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கேபிள் டிவி ஆபீசில் சேர்ந்தவன். அப்போதெல்லாம் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி வயர் போகும். ஏதோ ஒரு கிரிக்கெட் மேட்ச் அன்றைக்கு மழையில் படம் போய், ஊரே கூச்சல் போட, ஈர மாடியில் ஏறியவன் வழுக்கி விழுந்து கால் ஒடிந்தது. விழுந்து கிடந்த இடத்திலிருந்தே "படம் வந்துட்டா?" என்று கேட்டானாம். இது அவனுக்கு வேண்டப்பட்டவர்கள் கட்டிவிட்ட கதை என்பது என் அபிப்பிராயம்.

பிறகு வீட்டுக்கு வீடு டிஷ் வந்தது, கேபிள் படுத்துவிட்டது. நாலைந்து வருஷம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில் நின்றான். ஃபைபர் இன்டர்நெட் வந்ததும் மறுபடி வயரைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். கம்பெனியில் இருக்கிற மற்ற ஆட்கள் ஒரு நாளைக்குப் பதினைந்து வீடு பார்க்கிறார்கள். இவன் ஏழெட்டு வீடுதான் பார்ப்பான், அதற்கு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். ஆனால் இவன் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தால் அந்த வீட்டிலிருந்து ஆறு மாசத்துக்குப் புகார் வராது. எங்கள் வீட்டைத் தவிர.

அவன் வேலை பார்க்கிற விதமே தனி. வந்தவுடன் ரூட்டரைத் தொடமாட்டான். செருப்பை வெளியே விட்டுவிட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "எப்ப இருந்து இப்படி இருக்கு?" என்பான். "அதுக்கு முன்ன வீட்ல எதையும் மாத்துனீங்களா?" என்பான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வான். எதிரில் இருப்பவர் சொல்லி முடிக்கிறவரை ஒரு 'ம்' தவிர வேறு சத்தம் வராது. யாராவது அவசரப்படுத்தினால், "பெட்டிக்கு வாய் இல்லல்லா, வீட்டு ஆளுகதான் சொல்லணும்" என்பான்.

ஜுலைகா பீவி வீட்டில் இப்படிக் கேட்டுத்தான் கண்டுபிடித்தான். அந்த அம்மாள் மருமகளில் ஆரம்பித்து முட்டுவலியில் வந்து நின்றார்களாம். முட்டுவலியால் படி ஏற முடியாமல் கட்டிலைக் கீழே இறக்கியதும், கட்டிலுக்கு இடம் விட ஃப்ரிட்ஜை நகர்த்தியதும், ரூட்டர் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதும் வரிசையாக வெளியே வந்தன. பெட்டியை வெளியே எடுத்து வைத்தான், வைஃபை வந்துவிட்டது. முட்டுவலிக்குத் தென்காசியில் ஒரு டாக்டர் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். லைன்மேனுக்கு எதற்கு இந்த வேலை?

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஆடித்தபசுத் திருவிழா முடிந்த வாரம் பொன்செல்வி என்னிடம், "இனிமே வெள்ளிக்கிழமை கோமதியம்மன் படத்துக்கு நீங்களே மாலை போடுங்க" என்றாள். வீட்டுக்குத் தலைவன் நான்தானே, பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். காலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டு, தடித்த அரளி மாலையாக வாங்கிவந்து போட்டுவிட்டுத் தறிக்கு இறங்குவேன். அந்த முதல் வெள்ளியே நெட் போனது. ரூட்டரில் சிவப்பு விளக்கு. பொன்செல்வி போன் பண்ணினாள், மாரிக்கண்ணன் வந்தான், சரியானது. அடுத்த வெள்ளியும் போனது, அவன் வந்தான். மூன்றாவது வெள்ளியும் அப்படியே.

திங்கள், செவ்வாய்க்குப் போகாத நெட் வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் போக வேண்டும்? அதுவும் நான் கீழே இருக்கிற நேரம் பார்த்து? பொன்செல்வி தலைக்குக் குளித்து, பூ வைத்து, நல்ல சேலை கட்டியிருக்கிற நாள் அது. ஊரில் எந்த வீட்டிலும் ஒரே தடவையில் சரி பண்ணுகிறவனுக்கு என் வீடு மட்டும் ஏன் கைவரவில்லை? என்னை அண்ணாச்சி என்கிறான், அவளை மதினி என்கிறான். முறை சரிதான். ஆனால் மதினி என்றால் கேலி பேசுகிற உரிமையும் கூடவே வந்துவிடுகிறதே.

தறி ஓடும்போது மாடியில் இடி விழுந்தாலும் கீழே கேட்காது. நாலாவது வெள்ளிக்கிழமை அவன் படியேறிப் போனதும் நான் தறி மெயினை அணைத்துவிட்டேன். ஆறு தறியும் நின்றன. தறிக்காரர் மூக்காண்டி என்னைப் பார்த்தார்.

"மொதலாளி, கரண்டு இருக்கே. எதுக்கு நிப்பாட்டுதீங்க?"

"மோட்டாரு சூடாயிருக்குவே. கொஞ்சம் ஆறட்டும்."

நின்று கேட்டேன். மேலே பொன்செல்வியின் குரல். வார்த்தை புரியவில்லை. ஆனால் குரல் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு தடவை சிரித்தாள். என்னிடம் அவள் பேசுவதென்றால் "சாப்பிட வாங்க", "நூல்காரரு போன் பண்ணுனாரு", "கேஸ் தீரப்போவுது", இவ்வளவுதான். சேர்ந்தாற்போல அரைமணி நேரம் பேச அவளுக்கு விஷயம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்குப் பொறாமை வந்தது. பொறாமைதான், வேறு பெயர் வைத்து மூடி மறைக்க விரும்பவில்லை.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். மாரிக்கண்ணன் எழுந்து நின்று, "வாங்க அண்ணாச்சி" என்றான். நான் கட்டின வீட்டுக்குள் என்னையே வா என்கிறான்! பொன்செல்வி பேச்சை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்க் காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை எனக்கு இடது கையால் நீட்டினாள். வந்தவன் முன்னால் புருஷனுக்கு இடது கையால் காப்பி! அவ்வளவு தூரத்துக்கு நம் மரியாதை போய்விட்டது என்று முடிவு கட்டினேன்.

அவன் வந்தால்தானே பேச்சு. நெட்டை நானே சரி பண்ணிவிட்டால்? இரண்டு வாரம் செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். நடுவில் ஐந்தாவது வெள்ளியும் அவன்தான் வந்துவிட்டுப் போனான். பொன்செல்வியிடம், "இனிமே அவனைக் கூப்பிடாத, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஆறாவது வெள்ளி. நான் மாலை போட்டேன், அவள் கோவிலுக்குப் போனாள், சொல்லிவைத்தாற்போல நெட் போனது. ரூட்டரை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டேன். சிவப்பு விளக்கு அப்படியே மினுக்கியது. எல்லா வயரையும் பிடுங்கிச் சொருகினேன். அதே சிவப்பு. பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, அதை அழுத்தினால் எல்லாம் புதுசாகிவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். பொன்செல்வியின் சேலை ஊக்கை எடுத்துக் குத்திப் பத்து எண்ணினேன். எல்லா விளக்கும் அணைந்து எரிந்தன. சிவப்பு போகவில்லை. கூடுதலாக, வைஃபை பெயரும் போனது, பாஸ்வேர்டும் போனது, கம்பெனிக்காரன் உள்ளே போட்டுவைத்திருந்த அத்தனையும் போனது. போனில் வேறு ஏதோ இங்கிலீஷ் எழுத்தும் நம்பருமாக ஒரு பெயர் வந்து நின்றது.

அவள் திரும்பி வருவதற்குள் இதைச் சரிக்கட்ட வேண்டும். வேறு வழியில்லாமல் மாரிக்கண்ணனை நானே கூப்பிட்டேன்.

வந்தான். செருப்பை விட்டான். சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "எப்ப இருந்து அண்ணாச்சி?"

"காலையில இருந்துதான். சீக்கிரம் பாருவே."

"அதுக்கு முன்ன என்ன பண்ணுனீங்க?"

ஊக்கு விவகாரத்தைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. 'ம்' என்றுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மௌனத்தில் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. நெட் இல்லாவிட்டால் மகளுடன் பேச முடியவில்லை என்றேன். நெட் இருந்தாலும் அபிதா என் போனை எடுப்பதில்லை, அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாள் என்றேன். யாரிடமும் சொல்லாததை, போயும் போயும் இவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்ததும் மனசு லேசாக இருந்தது, அதற்காகவும் அவன்மேல் கோபம் வந்தது.

அவன் எழுந்து அம்மன் படத்துக்குக் கீழே கையைக் காட்டினான். "இங்கன பாருங்க. பழைய மாலைய எடுத்துட்டு இந்தத் தடிச்ச மாலையைப் போடும்போது இந்த வயரு ஆணிக்குப் பின்னால மாட்டிக்கிடுது. உள்ள இருக்கது கண்ணாடி நூலு. இப்படி மடங்குனா வெளிச்சம் வராது, நெட்டு நின்னுரும்."

மாலை போட்டது நான். ஆறு வாரமும் நான். "இத மொதல்லயே சொல்லித் தொலைய வேண்டியதுதான?" என்று கத்தினேன்.

அவன் முழித்தான். "மொத வாரமே மதினிகிட்ட சொன்னேனே அண்ணாச்சி. வயர அந்தப் பக்கமா கொண்டு போயிருதேன்னு கூடச் சொன்னேன். மதினிதான், அவுக செவுத்துல ஆணி அடிக்கச் சம்மதிக்க மாட்டாக, வெள்ளிக்கிழமை நீங்களே வந்து எடுத்துவிட்டுருங்கன்னாக."

ஆணி அடிப்பதைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்து அவனுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வயரை நிமிர்த்தி, பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டுக் கொடுத்துவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு வேகமாக இறங்கிப் போய்விட்டான்.

பொன்செல்வி கோவிலிலிருந்து வந்தாள். கூடையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை நான். "மாலையாலதான் நெட்டு போவுதுன்னு ஒனக்குத் தெரியும். ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அவரு வரமாட்டாரே" என்றாள்.

அவளே தொடர்ந்தாள்.

"நீங்க நெனைக்கது ஒண்ணும் இல்ல. தறிய நிப்பாட்டி ஒட்டுக் கேட்டது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? வாரத்துல ஒருநாள் ஒரு மனுசன் வந்து எப்ப இருந்து, என்ன பண்ணுதுன்னு கேக்காரு. பெட்டியைத்தான் கேக்காரு, எனக்குத் தெரியாதா? ஆனா நான் என்னத்தையோ சொல்லுதேன், முடிக்கிறவரைக்கும் இருந்து கேக்காரு. கை வலியச் சொன்னேன். டாக்டரு நம்பர் குடுத்தாரு, போனீங்களா போனீங்களான்னு ஒவ்வொரு வாரமும் கேட்டாரு."

"கை வலியா?"

"மூணு மாசமா கையத் தோளுக்கு மேல தூக்க முடியல. அம்மனுக்கு நீங்களே மாலை போடுங்கன்னு எதுக்குச் சொன்னேன்னு நெனச்சீங்க?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா, பொன்னு."

"மூணு தடவை சொன்னேன். தைலம் தேயின்னுட்டு மூணு தடவையும் தறிக்கு எறங்கிட்டீங்க."

நான் சொன்னது ஞாபகமில்லை. அவள் சொன்னதும் ஞாபகமில்லை. ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "எந்தக் கை?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதையும் அவருகிட்டயே போயிக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நான் கீழே இறங்கினேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலுக்கு வந்து, வெட்கத்தை விட்டு, அவனுக்குப் போன் போட்டேன்.

"என்ன அண்ணாச்சி, மறுபடியும் போயிட்டா?"

"நெட்டு இருக்குவே. உங்க மதினிக்கு... எந்தக் கை வலிக்கி?"

எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

"சோத்துக் கை, அண்ணாச்சி" என்றான். யோசிக்கக்கூட இல்லை.