பகடையக்கா உருட்டிய ஆறு

சலவைக்கூடத்தில் துணிக்கு இஸ்திரிப் பெட்டி போடும் அவளுக்குப் பகடையக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. வருடக் கடைசியில் எல்லோரும் ஆளுக்கொரு பரிசைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவர, நடுவில் உட்கார்ந்து பகடை ஆட்டம் நடத்துபவள் அவள்தான். ஆறு விழுந்தவர், யார் மடியில் இருப்பதையும் தன்னுடையதற்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முணுமுணுத்தால் அவள் வாயில் விழுந்து எழ முடியாது. கணவன் ஓடிப்போன பின், படுத்த படுக்கையான தன் அண்ணனை அவள் ஒற்றைச் சம்பளத்தில் பார்த்துக்கொண்ட காலத்திலும் ஆட்டம் நின்றதில்லை.

இந்த வருடம் பொட்டலங்களைக் குவித்திருந்தபோது முதலாளி வந்தார்.

"ஒருத்தரை வேலைய விட்டு நிறுத்தியாகணும். அந்தப் பாவம் எனக்கு வேணாம். உன் பகடைன்னா யாரும் வாய் திறக்கமாட்டாங்க. கம்மியா விழுறவங்க கிளம்பட்டும்."

காறித் துப்பியிருக்க வேண்டும். அவள் பகடையை எடுத்தாள்.

ஒவ்வொருவராக உருட்டியதில், நிறைமாத வயிற்றோடு நின்ற, துணி மடிக்கும் மடிப்புக்காரி ஒருத்திக்குத்தான் ஒன்று விழுந்தது. வழக்கம்போல் பகடையக்கா கடைசியாக உருட்டினாள். ஆறு.

அவள் நினைத்தால் அந்த ஒன்றை வாங்கிக்கொண்டு தன் ஆறைக் கொடுக்கலாம். அவளே போட்ட சட்டம்தான்.

"இது அந்த ஆட்டம் இல்ல" என்று முனகிவிட்டுப் பகடையைப் பைக்குள் போட்டாள்.

மடிப்புக்காரி அழவில்லை. வயிற்றைப் பிடித்தபடி குனிந்து, குவியலிலிருந்து தான் கொண்டுவந்த பொட்டலத்தைத் தேடியெடுத்துப் பகடையக்காவின் மடியில் வைத்தாள்.

"வச்சுக்கங்கக்கா. இதுக்குப் பகடை போட வேணாம்."