பிளேன் திரும்பிப் போகட்டும்னு நான் வேண்டின நாள்

அம்மன் கோயில்ல வெள்ளிக்கிழமை கூடுற எல்லாருக்கும் என் வணக்கம். பூசை முடிஞ்சதும் ஒவ்வொருத்தரா எந்திரிச்சு அம்மா தங்களுக்குச் செஞ்சதைச் சொல்லுவீங்க. என் முறை வந்தா நான் முந்தானை நுனியைச் சுருட்டிக்கிட்டுக் குனிஞ்சுக்குவேன். இத்தனை வருஷமா அப்படித்தான். நாலு பேரு முன்னால எனக்கு வாய் வராது. ஒரே ஒரு தடவை ஊரே கேக்க வந்துச்சு. அதைத்தான் எழுதிக் கொடுக்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும் போனவ நான். பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

ஐம்பதுகளோட கடைசியில நடந்தது இது. எங்க தேயிலைத் தோட்டம் மலைநாட்டுல, டயகமங்கிற ஊருக்கு மேல. அதுலயும் நாங்க இருந்தது மேக்கணக்குங்கிற மேல் பிரிவு. தோட்டத்தோட கடைசி உசரம் அது. வரிசை வீடுங்களா மூணு லயம், ஒரு அம்மன் கோயில், காலையில ஆள் கணக்கெடுக்கிற ஒரு பெரட்டுக்களம், கிளாக்கரய்யாவோட சின்ன ஆபீசு. அவ்வளவுதான். அந்த ஆனி மாசம் மழை விடவே இல்லை. ஒரு விடியக்காலையில மலையே உறுமின மாதிரி சத்தம் கேட்டுச்சு. வெளியில வந்து பார்த்தா கீழ போற ரோட்டைக் காணோம். தேயிலை, மரம், மண்ணு எல்லாம் ஒண்ணா இறங்கி மூடிக் கிடந்துச்சு. என் வீட்டுக்காரரு முதல் நாள் கீழ தேயிலை ஸ்டோருக்கு வேலைக்குப் போனவரு, அந்தப் பக்கமே மாட்டிக்கிட்டாரு.

எங்ககிட்ட இருந்த அரிசி நாலு நாளைக்குக்கூட வரல. எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருந்துச்சு. என் மக பாக்கியத்துக்கு ரெண்டு வயசு. மண்ணு சரிஞ்ச அன்னைக்கே அவளுக்கு வயித்தால போக ஆரம்பிச்சுது. மருந்துக்காரய்யா கீழ்க்கணக்குல. மருந்தும் அங்கதான்.

போன் கம்பி மட்டும் எப்படியோ அறுந்து போகாம இருந்துச்சு. கிளாக்கரய்யா யார் யாருக்கோ பேசினாரு. அப்புறம் எல்லாரையும் பெரட்டுக்களத்துல கூட்டிச் சொன்னாரு.

"பட்டாளத்து பிளேன் வந்து அரிசியும் மருந்தும் போடப் போகுது. ஆனா ஓட்டுறவங்களுக்குன்னு ஒரு சட்டம் இருக்கு. நம்ம கூனிக்கல்லோட தலை தெரியணும். மேகம் அதுக்கும் மேல தூக்கி நிக்கணும். அப்படி இருந்தாத்தான் கிளம்புவாங்க. காலையில எட்டு மணிக்கு நான் போன்ல சொல்லணும்."

கூனிக்கல்லுங்கிறது எங்க லயத்துக்கு மேல நிக்கிற பெரிய பாறை. முதுகு வளைஞ்ச கிழவி மாதிரி இருக்கும். அதோட உச்சியில ஒத்தை மரம் ஒண்ணு. கிளாக்கரய்யா கண்ணாடி போட்டவரு. அந்தத் தூறல்ல அவரு கண்ணாடி மூடிக்கும். எங்க வீட்டுக் காம்பராதான் மேல் லயத்துல கடைசி. வாசல்ல நின்னா கல்லு நேரா தெரியும். அதனால என்னைப் பார்க்கச் சொன்னாரு.

பக்கத்துக் காம்பரா மூக்காயி அக்கா சிரிச்சுட்டா. "நல்ல ஆளைப் புடிச்சீங்க ஐயா. அந்தக் கல்லு பேசினாலும் பேசும், இவ பேசமாட்டா."

"பேச வேணாம். தலையாட்டினா போதும்," னு சொல்லிட்டு அவரு போயிட்டாரு.

மூணு காலை பார்த்தேன். மூணு நாளும் பனிதான். இல்லைன்னு தலையாட்டினேன். அவரு போன்கிட்டப் போவாரு. மத்தவங்க என் முகத்தைப் பார்ப்பாங்க. நான்தான் மேகத்தைப் புடிச்சு வச்சிருக்கிற மாதிரி.

நாலாவது நாள் காலையில பாக்கியம் அழுதா. கண்ணுல தண்ணி வரல. உதடு வெடிச்சு, கண்ணு உள்ள போயிருந்துச்சு. வாயில தண்ணியை விட்டா ஓரமா வழிஞ்சுது. அவளை இடுப்புல வச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன். கூனிக்கல்லோட அடி தெரிஞ்சுது. இடுப்பு வரைக்கும் தெரிஞ்சுது. அதுக்கு மேல ஒண்ணுமில்ல. வெள்ளை.

எங்க மலையில ஒரு வழக்கம் உண்டு. பனி மூடின காலையில கங்காணி அந்தக் கல்லைத்தான் பார்ப்பாரு. அடி தெரிஞ்சா வேலை உண்டு, கூடையைத் தூக்கிக்கிட்டு ஏறணும். அடியும் தெரியலேன்னாத்தான் லயத்துல நிக்கச் சொல்லுவாரு. சின்ன வயசுல இருந்து எங்களுக்குக் கணக்கு அதுதான். அடி தெரிஞ்சா கல்லு தெரிஞ்ச மாதிரி.

கிளாக்கரய்யா வந்து, "தெரியுதாம்மா?" ன்னாரு. சுத்தி எல்லாரும் நின்னாங்க. அவரு கேக்கிறது தலையைன்னு எனக்கு நல்லாத் தெரியும். அடி தெரியுதே, எங்களுக்குப் போதுறது பிளேனுக்குப் போதாதான்னு மனசுக்குச் சொல்லிக்கிட்டேன். பாக்கியத்தோட தலை என் தோள்ல துணி மாதிரி கிடந்துச்சு.

ஆமான்னு தலையாட்டினேன்.

அவரு ஓடிப்போய்ப் போன்ல சொன்னாரு. ஜனங்க சாமி கும்பிட்டாங்க. மூக்காயி அக்கா என் கன்னத்தைத் தொட்டு முத்தம் வச்சா. அந்த முத்தம் எனக்கு நெருப்பு வச்ச மாதிரி இருந்துச்சு.

கொஞ்ச நேரத்துல மேகம் இன்னும் இறங்கிடுச்சு. கல்லோட இடுப்பு போச்சு. அடி போச்சு. கோயில் கூரையும் போச்சு. பெரட்டுக்களத்துல அரிசிக்காக நின்ன ஜனங்க ஒருத்தருக்கொருத்தர் நிழல் மாதிரி தெரிஞ்சாங்க. அப்பத்தான் தூரத்துல சத்தம் கேட்டுச்சு. வண்டு முரலுற மாதிரி. எல்லாரும் மேல பார்த்துக் கையைத் தூக்கினாங்க. வெள்ளையைத் தவிர ஒண்ணும் தெரியல. சத்தம் மட்டும் பெருசாகிப் பெருசாகி எங்க தலைக்கு மேல சுத்த ஆரம்பிச்சுது.

அந்த வெள்ளைக்குள்ள கூனிக்கல்லு நிக்குது. பிளேன்ல இருக்கிற மனுஷன், கீழ இருந்து தெரியுதுன்னு சொன்னாங்களேன்னு நம்பி வர்றான். சொன்னது நான்.

புள்ளையோட ஓடினேன். கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு கிளாக்கரய்யா முன்னால போய் நின்னேன். எங்கிருந்து அந்தச் சத்தம் வந்துச்சோ தெரியல.

"ஐயா, தலை தெரியலிங்க. காலையிலயே தெரியல. அடிதான் தெரிஞ்சுது. நான் பொய் சொல்லிட்டேன்."

அவரு முகம் வெளுத்துப் போச்சு. ஆபீசுக்கு ஓடினாரு. போன் கைப்பிடியைச் சுத்தினாரு, கத்தினாரு. இங்கேருந்து சேதி தபால் கந்தோருக்குப் போகணும், அங்கேருந்து இன்னொரு இடம், அங்கேருந்து இன்னொரு இடம். திரும்பி வந்து, "சேதி போய்ச் சேராது. இனி நம்ம கையில ஒண்ணுமில்ல," னாரு.

மூக்காயி அக்கா என் தோளைப் புடிச்சு உலுக்கினா. "என்னடி காரியம் பண்ணிட்டே? உன் புள்ளை ஒண்ணுதான் புள்ளையா? மேல வர்றவனைப் பெத்தவ ஒருத்தி இருக்க மாட்டாளா?"

கோயில் படியில போய் விழுந்தேன். அங்க இருந்த அத்தனை பேரும் பிளேன் இறங்கி வரணும்னு கும்பிடுறாங்க. நான் ஒருத்திதான் மாத்திக் கேட்டேன். அம்மா, இது இறங்க வேணாம். அரிசி வேணாம். மருந்தும் வேணாம். இதைத் திருப்பி அனுப்பு. என் புள்ளையை நீ எடுத்துக்கிறதா இருந்தாலும் எடுத்துக்க. ஆனா இந்த மனுஷனை என் பொய் மேல மோத விடாதே.

இதைச் சொல்லும்போது என் புள்ளை என் மடியிலதான் கிடந்தா. எப்படிச் சொன்னேன்னு இன்னைக்கும் எனக்குப் புரியல.

மூணாவது சுத்துல சத்தம் ரொம்பக் கீழ வந்துச்சு. கூரைத் தகரம் அதிர்ந்துச்சு. எல்லாரும் குனிஞ்சுக்கிட்டாங்க. இதோ, இதோன்னு இருந்துச்சு. அப்புறம் திடீர்னு அதோட குரல் மாறிச்சு. பாரம் தூக்குறவன் முக்குற மாதிரி ஒரு சத்தம். மேல, மேல ஏறிச்சு. தேய்ஞ்சுது. போயிடுச்சு.

மலைக்கு அந்தப் பக்கம் இடிக்கிற சத்தம் வருமான்னு காதைக் கொடுத்துக்கிட்டு நின்னோம். பொழுது சாயிற வரைக்கும் எனக்கு ஒவ்வொரு இடியும் அதுவாத்தான் கேட்டுச்சு. மசங்குற நேரத்துல போன் மணி அடிச்சுது. கிளாக்கரய்யா வெளியில வந்து, "திரும்பிப் போய்ப் பத்திரமா இறங்கிட்டாங்களாம்," னாரு. நான் அங்கேயே உக்காந்துட்டேன்.

கொஞ்ச நேரத்துல மூக்காயி அக்கா என் காம்பராவுக்கு வந்தா. கையில ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணி. அவ வீட்டுல கடைசியா இருந்த அரிசி அது.

"வாயே தொறக்காதவ, தொறந்ததும் தொறந்தே, ஊருக்கே கேக்கத் தொறந்தே," ன்னு திட்டிக்கிட்டே உப்புப் போட்டுக் கலக்கி, சொட்டுச் சொட்டா பாக்கியத்துக்கு ஊட்டினா. ராத்திரி பூரா புள்ளை அதை வெளிய தள்ளல.

மறுநாள் காலையில இனி வேற யாரையாவது பார்க்கச் சொல்லுவாங்கன்னு உள்ளேயே இருந்தேன். கிளாக்கரய்யா வாசல்ல வந்து நின்னாரு.

"வெளிய வாம்மா. நீதான் பார்க்கணும். பொய் சொன்னா என்ன ஆகும்னு தெரிஞ்ச ஆளு இங்க நீ ஒருத்திதான்."

அன்னைக்கும் தலை தெரியல. அதுக்கு அடுத்த நாளும் தெரியல. புள்ளை என் கையில இன்னும் லேசாகிக்கிட்டே போனா. ரெண்டு நாளும், "தெரியலிங்க," ன்னு வாயைத் தொறந்துதான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தை சொல்றதுக்கு எனக்கு என்ன பாடுன்னு அம்மாவுக்குத்தான் தெரியும்.

மூணாவது நாள் காத்து திரும்பிச்சு. கல்லோட இடுப்பு வந்துச்சு, முதுகு வந்துச்சு. நான் அசையல. உச்சியில ஒத்தை மரம் வந்துச்சு. மரத்துக்கு மேல ஒரு கை அகலம் வானம் வந்துச்சு. கண்ணைத் துடைச்சுட்டு மறுபடி பார்த்தேன். அப்புறம்தான் சொன்னேன். பிளேன் வந்துச்சு. இந்தத் தடவை அதோட வயிறே எங்களுக்குத் தெரிஞ்சுது. மூட்டை மூட்டையா தேயிலைக்குள்ள விழுந்துச்சு. மருந்துப் பெட்டி பஞ்சு சுத்தி வந்துச்சு. என் புள்ளை பொழைச்சா.

ரோட்டைத் திறந்தப்புறம் ஒரு பட்டாளத்து ஜீப்பு வந்துச்சு. அந்த பிளேனை ஓட்டினவரு இறங்கினாரு. சிங்கள ஆளு. சின்ன வயசுதான். கூனிக்கல்லைப் பார்க்கணும்னு வந்தாராம். கல்லை ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கிட்டே நின்னாரு. நான் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். மூக்காயி அக்கா என்னைப் புடிச்சு இழுத்துட்டு வந்து நிறுத்தினா. நானே சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச அரைகுறைச் சிங்களத்துல, மாத்தயா, ஐயான்னு கூப்பிட்டு, அன்னைக்குப் பொய் சொன்னது நான்தான்னு சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"பய வென்ன எப்பா அம்மே," ன்னாரு. பயப்படாதேன்னு அர்த்தம். அப்புறம் அவரு சொன்னதைக் கிளாக்கரய்யா தமிழ்ல சொன்னாரு.

மேகத்துக்குள்ள போயிட்டா உடம்பே பொய் சொல்லுமாம். நேரா போறோம்னு தோணும், ஆனா சாய்ஞ்சு போயிட்டிருப்போமாம். எனக்கு அது புரிஞ்சுது. பனிக்குள்ள மேல ஏறுறோம்னு நினைச்சு நான் பள்ளத்துல இறங்கியிருக்கேன். அதனால அவங்க கண்ணையும் உடம்பையும் நம்பாம முன்னால இருக்கிற மீட்டர் முள்ளைத்தான் நம்பணுமாம். உசரம் காட்டுற முள்ளு ஒண்ணு இருக்காம். எந்த மலைக்கு எந்த உசரம் வரைக்கும் இறங்கலாம்னு முன்னாடியே குறிச்சிருப்பாங்களாம். முள்ளு அந்தக் குறிக்கு வரும்போது தரை கண்ணுல படணும். படலேன்னா மேல ஏறிடணும். கீழ இருந்து யாரு என்ன சொல்லியிருந்தாலும் சரி.

"அன்னைக்கு முள்ளு குறிக்கு வந்துருச்சு. வெள்ளைதான். கீழ இருந்து தெளிவா இருக்குன்னு சொன்னாங்களே, இன்னும் கொஞ்சம் இறங்கினா தெரிஞ்சுடும்னு மனசு சொல்லிச்சு. ஜனங்க பட்டினியா இருக்காங்களேன்னும் சொல்லிச்சு. என் கை கீழ தள்ளத்தான் போச்சு. அப்புறம் என்னமோ, மேல இழுத்துட்டேன்."

அந்த என்னமோ என்னன்னு அவருக்குத் தெரியல. எனக்குத் தெரியும். மூணாவது சுத்துல நான் படியில விழுந்து கிடந்தேன்.

இதைக் கேட்டவங்க சில பேரு, அது அவங்க சட்டம், அந்த ஆளு ஒழுங்கா நடந்தாரு, இதுல அம்மா எங்க வந்தான்னு கேட்டிருக்காங்க. இருக்கட்டும். எனக்கும் ஒரு குறி இருந்துச்சே, தலை தெரியணும்னு. நான் அதைத் தாண்டிட்டேன். அவருக்கும் தாண்டத்தான் மனசு வந்துச்சு, அவரு தாண்டல. அந்த இடத்துல அவரு கையைப் புடிச்சது அம்மாதான்னு நான் நம்புறேன். சாகும்போதும் அதையேதான் நம்புவேன்.

அன்னையில இருந்து பார்க்காததைப் பார்த்தேன்னு நான் சொன்னதில்ல. கல்யாணப் பேச்சுல, பஞ்சாயத்துல, புள்ளைங்க சண்டையில, எங்க என்னைக் கேட்டாலும் தெரிஞ்சா தெரியும்பேன், தெரியலேன்னா தெரியலம்பேன். அதுக்காகச் சில பேரு என்மேல கோவமா இருக்காங்க. பாக்கியம் இப்ப லிந்துலையில இருக்கா. அவளுக்கே இந்தக் கதையில நான் படியில என்ன வேண்டினேன்கிறதைச் சொன்னதில்ல. இதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்குவா. உன்னை எடுத்துக்கன்னு சொன்னேன் மகளே. கோயில் அம்மா எடுத்துக்கல.

நீங்களும் அந்த அம்மாகிட்ட கேளுங்க. எல்லாரும் வேணும் வேணும்னுதான் கேக்கிறோம். வர்றது திரும்பிப் போகட்டும்னு கேக்க வேண்டிய நாளும் ஒருத்தருக்கு வரும். அன்னைக்குக் கூசாம கேளுங்க. சத்தமே இல்லாத என் குரலை அவ்வளவு பெரிய பிளேன் சத்தத்துல கேட்டவ அவ. உங்க குரல் கேக்காதா?

இன்னைக்குக் காலையிலயும் வாசல்ல நின்னு பார்த்தேன். மேகம் இறங்கிக் கிடக்கு. கல்லோட தலை தெரியல.