ஆறு சட்டி முளைப்பாரி

முளைப்பாரி போட்ட வீட்டில் தூக்கம் வேறு மாதிரி வரும். ஈரச் சாணமும் ஊறிய பயறும் கலந்த வாசனை கதவிடுக்கு வழியாக வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொள்ளும். உள்ளறையில், வெளிச்சமே படாமல், நவதானியமும் சட்டிக்குள் முட்டி முளைத்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் தெருப் பெண்கள் கும்மியடித்துப் பாடிய பாட்டு, அவர்கள் போன பிறகும் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். எழுபதுகளின் கடைசியில், விளாங்குடியில் இருந்து பஸ் ஏறிப் போய் காலேஜில் தாவரவியல் முதல் வருடம் படித்தேன். அந்த நாட்களில் பகலில்கூட நான் பாதிக் கனவில்தான் நடமாடினேன்.

அம்மன் கோயில் பொங்கலுக்கு அவரவர் வீட்டில் வளர்த்த முளைப்பாரியைப் பெண்கள் தலையில் சுமந்து போய், கடைசியில் கண்மாயில் கரைப்பார்கள். பயிர் தளதளவென்று வந்தால் வீட்டுக்கு நல்லது. மெலிந்து வந்தால் வளர்த்தவளுக்குக் கைராசி இல்லை என்று அர்த்தம். பக்கத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அத்தைக்கு, அப்பாவின் தங்கைக்கு, இரண்டு வருடமாக மெலிந்துதான் வந்தது. அதற்கப்புறம் மிளகாய் நாற்றுக்கு முதல் விதை போட யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. அத்தை அதையெல்லாம் சிரித்தே தள்ளிவிடுவாள். ஆனால் ஒருநாள் எங்கள் அடுப்படியில் அம்மா, "பாலுக்கு ஒறை ஊத்திருத்தா" என்றபோது, அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "நீங்களே ஊத்திருங்க மதினி, ஏங் கை எதுக்கு?" என்றாள். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"இந்த வருசம் நான் பாரி போடலத்தா" என்று அவள் சொன்ன அன்று கத்திவிட்டேன்.

"போடுறீங்க அத்தை. எங்க வீட்டுல வந்து போடுறீங்க. சோதிச்சுப் பாத்துருவோம்."

"என்னத்தச் சோதிக்க?"

"ஒங்க கையத்தான்."

ஒன்றை மட்டும் மாற்று, மற்றதையெல்லாம் அப்படியே வை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். ஒரே கடைப் பயறு, ஒரே கண்மாய்க் கரம்பை மண், ஒரே சாணம், ஒரே இருட்டறை, ஒரே சொம்பில் ஒரே அளவுத் தண்ணீர். கை மட்டும் வேறு. ஒன்று அத்தையின் கை, இன்னொன்று அம்மாவின் கை. அம்மா தொட்டால் காய்ந்த குச்சியும் துளிர்க்கும் என்று தெருவே சொல்லும். ஒற்றைச் சட்டியை நம்ப முடியாது, ஏதோ காரணத்தில் அது கெட்டும் போகலாம். அதனால் ஆளுக்கு மூன்று வைக்கச் சொன்னேன். மூலையில் இருந்ததால் வரவில்லை என்று நாளைக்கு யாரும் சாக்குச் சொல்லக்கூடாதே என்று இருவர் சட்டிகளையும் கலந்து அடுக்கினேன். எனக்கு என் மேலேயே ஒரே பெருமை.

விதை தூவும்போது அத்தை கேட்டாள். "ஏங் கைதான் சரியில்லேன்னு வந்துருச்சுன்னா?"

"அதத் தெரிஞ்சுக்கிறதும் நல்லதுதான அத்தை" என்றேன். சாணத்தைப் பொடித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

முதல் நாட்களில் சிறு விளக்கோடு உள்ளே போய்ப் பார்ப்பேன். வெயில் அறியாத முளைகள் வெளிர் மஞ்சளாக, எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன. நான் மூச்சு விட்டால்கூட அசைந்தன. அந்த அறையில் நேரம் போவதே தெரியாது. அம்மா வந்து தோளைத் தொட்டுத்தான் என்னை வெளியே அழைத்துப் போவாள்.

அப்புறம் நான் வீட்டுக்குத் தூரமானேன். மாதவிலக்கானவள் நிழல்கூட முளைப்பாரி மேல் விழக்கூடாது. சோதனை செய்கிறவளையே சோதனைச் சாலைக்கு வெளியே உட்கார வைத்தால் என்ன செய்வது என்று எந்தப் பாடத்திலும் இல்லை. ஆறு சட்டிக்கும் தண்ணீர் ஊற்றும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். முன்னறை மூலையில் தனிப் பாயில் படுத்துக் கிடந்தேன். கண்ணை மூடினால் மஞ்சள் முளைகள் தரையைப் பிளந்துகொண்டு வந்து, நான் போகும் பஸ்ஸையே அலக்காகத் தூக்கி வைகைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றன. ஜன்னலோரம் நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே போன காலையில் அத்தை எனக்கு முன்னால் அங்கே நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழவும் செய்தாள். அவளுடைய மூன்று சட்டியும் பொங்கி நின்றன. அம்மாவுடைய மூன்றும் சோர்ந்து, நூல் நூலாகச் சாய்ந்து கிடந்தன. நான் மண்ணில் விரலை வைத்துப் பார்த்தேன். அத்தையின் சட்டியில் ஈரம். அம்மாவின் சட்டியில் மண் வெடித்திருந்தது.

அடுப்படிக்குப் போய் அம்மா முன்னால் நின்றேன்.

"வாய மூடு" என்றாள், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. "அவ இப்பிடிச் சிரிச்சு எம்புட்டு நாளாச்சு!"

என் சோதனை செத்துப்போனது. தண்ணீர் இல்லாவிட்டால் பயிர் வாடும், அதைத்தான் நாங்கள் கண்டுபிடித்திருந்தோம். அத்தையின் கையைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பொங்கலன்று அம்மா சும்மாடு கட்டிக்கொண்டு தன் மெலிந்த சட்டிகளில் ஒன்றைத் தூக்கக் குனிந்தாள். அத்தை அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இத நான் தூக்குறேன் மதினி. நீங்க என்னோடதத் தூக்குங்க."

"அடியே, அது வந்து..." என்று ஆரம்பித்தாள் அம்மா.

"ஊரு என்னயப் பேசிப் பழகிருச்சு. ஒங்களப் பேச விடமாட்டேன். ஏங் கையில குத்தமில்லேன்னு எனக்குத் தெரியும்ல, அம்புட்டுப் போதும்."

கொட்டுச் சத்தத்தோடு தெருவில் போனோம். அம்மா தலையில் தளதளவென்று ஒன்று, அத்தை தலையில் நோஞ்சானாக ஒன்று. பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அத்தை மட்டும் கல்யாணப் பெண்போல நிமிர்ந்து நடந்தாள்.

கண்மாய்க் கரையில் எதிர் வீட்டுக்காரி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எங்க நாத்துக்கு நீங்கதான் வந்து மொத வெதை போடணும்."

"அவளக் கூப்பிடு" என்றாள் அம்மா. "நான் தூக்கிட்டு வந்தது அவ வளத்தது. என்னோடதுதான் மெலிஞ்சு போச்சு."

"நாத்தனாள விட்டுக்குடுக்க மாட்டீங்களே!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள் அவள். அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. ஒருத்தரும் நம்பவில்லை.

முழங்கால் தண்ணீரில் சட்டியைக் கவிழ்த்துவிட்டு அத்தை என்னிடம் வந்தாள். அவள் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு பயம். படித்தவள் நான் ஒருத்திதானே அங்கே. என் காதோரம் குனிந்து கேட்டாள்.

"நாம சோதிச்சது சரியாத்தானத்தா சோதிச்சோம்?"

"சரியாத்தான் அத்தை" என்றேன்.